வீட்டில் ஒரு ஹோமியோ பெட்டி

அன்புள்ள ஐயா,

நாங்கள் பாலக்கோடு பக்கம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஹோமியோபதி மருந்து கொடுத்துவந்தார். பிள்ளைகளுக்குச் சளி, வயிற்றுவலி என்றால் முதலில் அவரிடம்தான் ஓடுவோம். இப்போது மகன் வீட்டோடு இருக்க ஓசூர் போய்விட்டார். போகும்போது மருந்துப் பெட்டியையும் ஒரு புத்தகத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டார். என் பையனுக்கு 9 வயது, முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. அதற்கு கல்கேரியா ஃப்ளோர் 6 எக்ஸ் மாத்திரை தினமும் நான்கு கொடுக்கச் சொன்னார், கொடுத்துவருகிறேன். மகளுக்கு 3 வயது. அவளுக்கும் முன்கூட்டியே கொடுக்கலாமா? ஹோமியோபதி என்பது உண்மையில் என்ன, வீட்டில் நாமே எதுவரை கொடுக்கலாம்? வீட்டுக்காரர் "அது வெறும் சர்க்கரை" என்று சிரிக்கிறார்.

எஸ்., பாலக்கோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டால் போதாது, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சாமுவேல் ஹானிமன் ஜெர்மானிய மருத்துவர், 1755இல் பிறந்தவர். அவர் காலத்து மருத்துவம் கொடூரமானது. நரம்பைக் கீறி ரத்தத்தை வடிப்பார்கள், பாதரச உப்பை விழுங்க வைப்பார்கள். 1790இல் அவர் சின்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். மலேரியா மாதிரியே குளிரும் நடுக்கமும் வந்ததாக எழுதினார். நலமாக இருப்பவருக்கு எது ஒரு நோயின் குறிகளை உண்டாக்குகிறதோ, அதுவே அந்த நோயைத் தீர்க்கும் என்று அதிலிருந்து ஒரு விதி செய்துகொண்டார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தக் கணக்குதான். வெங்காயம் நறுக்கினால் கண்ணும் மூக்கும் ஒழுகும், அதனால் மூக்கொழுகும் சளிக்கு வெங்காயத்திலிருந்து செய்த அல்லியம் சீபா. உங்கள் பெட்டியில் அது கண்டிப்பாக இருக்கும்.

மருந்தை நீர்க்க நீர்க்க, குலுக்கக் குலுக்க அதன் வீரியம் கூடும் என்பது அவருடைய இரண்டாவது விதி. ஒரு பங்கு மருந்தை 99 பங்கு சாராயத்தில் கலந்து குலுக்கினால் 1 சி. அதில் ஒரு பங்கெடுத்து மறுபடி 99 பங்கில் கலந்தால் 2 சி. இப்படி 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. கடையில் சாதாரணமாக விற்பது 30 சி, 200 சி. ஆக, அந்தச் சர்க்கரை உருண்டைகளைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார்.

அப்படியானால் இத்தனை பேருக்கு எப்படிக் குணமானது? 1854இல் லண்டனில் காலரா பரவியபோது அங்கிருந்த ஹோமியோபதி மருத்துவமனையில் மற்ற மருத்துவமனைகளைவிடச் சாவு குறைவாக இருந்தது. மருந்து வேலை செய்ததால் அல்ல. மற்ற இடங்களில் கொடுத்த சிகிச்சையே ஆளைக் கொன்றுகொண்டிருந்தது, இங்கே அந்தத் தொல்லை இல்லை. பிறகு மற்ற மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

வாத்தியாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரைப் போன்றவர்களை நான் தர்மபுரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்கார வைத்து, "தாகம் எடுக்குதா? பச்சைத் தண்ணி கேட்குதா, சுடுதண்ணியா? வலி வலப்பக்கமா, இடப்பக்கமா? ராத்திரி அதிகமா?" என்று அரைமணி நேரம் கேட்பார்கள். அப்புறம் விரல் படாமல் மூடியிலேயே நான்கு உருண்டையைத் தட்டி, நேராக நாக்கில் போடுவார்கள். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. காசும் வாங்குவதில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் யாருக்கும் கிடைக்காத அரைமணி நேரம் அது. பாதி ஆறுதல் அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும், மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

சரி, பல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

கல்கேரியா ஃப்ளோர் என்பது கால்சியம் ஃப்ளோரைடு. இது ஹானிமன் மருந்துகூட இல்லை. ஷூஸ்லர் என்ற இன்னொரு ஜெர்மானிய மருத்துவர் சொன்ன 12 உப்புகளில் ஒன்று. உடம்பில் உப்புகளின் சமநிலை கெடுவதால்தான் நோய் வருகிறது, குறைந்த உப்பைக் கொடுத்தால் சரியாகும் என்பது அவர் கொள்கை. தர்மபுரிக்காரர் உடம்பில் ஃப்ளோரைடு குறைகிறதாம்! நம் மாவட்டத்தின் நோயே அது கூடிப்போனதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. நம் ஆழ்துளைக் கிணறுகள் (போர்) பலவற்றில் அதைத் தாண்டுகிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது.

கணக்கைப் பாருங்கள். 6 எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காக ஆறு தடவை நீர்த்தது, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் என்று வைத்தால், நான்கிலும் சேர்த்துக் கிடைக்கும் ஃப்ளோரைடு ஒரு மில்லிகிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. வரம்பைத் தொடும் போர் தண்ணீரில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, குடித்தால் 0.3 மில்லிகிராம். மாத்திரையைப் போல 1,500 மடங்கு. அந்த மாத்திரையை விழுங்கக் குடிக்கும் தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது. மாத்திரை கெடுதல் செய்யாது, நல்லதும் செய்யாது. ஆனால் மருந்து கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் தண்ணீரை மாற்றாமல் விட்டுவிடுவோம்.

பழுப்புக் கறை ஃப்ளோரைடால் வந்ததுதானா என்று பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதுதான் என்றால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே விழுந்த கறை அது. விழுந்தபின் எந்த வைத்தியத்து மாத்திரையும் அதை எடுக்காது. மேலாகத் தேய்த்தோ பூச்சு வைத்தோ பல் மருத்துவர் மறைக்கலாம். மகளுக்கு நிரந்தரப் பற்கள் இன்னும் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன, அதனால் தண்ணீரை மாற்றும் அவசரம் அவளுக்குத்தான்.

மற்றபடி பெட்டி வீட்டில் இருக்கட்டும். கீழே விழுந்து கன்றிப்போனால் ஆர்னிகா, கல்யாணச் சாப்பாடு செரிக்காவிட்டால் நக்ஸ் வாமிகா, மூக்கொழுகினால் அல்லியம் சீபா என்று 30 சி உருண்டை கொடுத்தால் மோசமில்லை. எல்லாம் தானாக ஆறுகிறவை. லேபிளை மட்டும் பாருங்கள். "கியூ" என்று போட்ட பாட்டில்கள் தாய்ச்சாறு, அதில் நிஜமாகவே சரக்கு உண்டு, சாராயமும் உண்டு. நக்ஸ் வாமிகா என்பது எட்டிக்கொட்டை என்பதை மறக்க வேண்டாம். கியூ, 3 எக்ஸ் போன்ற, அதிகம் நீர்க்காத பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

பாம்பு, தேள் கடிக்கும்கூட அந்த மாதிரிப் புத்தகங்களில் மருந்து எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், 108க்குப் போன் போடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, வலிப்பு, மலத்தில் ரத்தம் என்றால் நேராக ஆஸ்பத்திரி. தடுப்பூசிக்குப் பதில் உருண்டை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தால் இரண்டுக்கும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். சோதனைக்குக் கொண்டுபோகிற தண்ணீரை நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம்.