பதில்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ‘எண்பதுகள் மாலை’, செலவு போகப் பணம் மிஞ்சுமா?

வணக்கம். பழைய மாணவர்கள் சேர்ந்து 1980களின் நினைவாக மாலை விருந்து நடத்தி, சிறுநீரக நோயாளிகளுக்குப் பணம் திரட்டப்போகிறீர்கள்; வாடகையும் சாப்பாடும் வசூலைத் தின்றுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடகையை வசதியுள்ள நாலைந்து பேர் தனியாக ஏற்கட்டும். அப்போதுதான் டிக்கெட் பணம் முழுவதும் நோயாளிகளுக்கே என்று தைரியமாக அச்சடிக்கலாம்.

இலை போட்டுச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூட வாசல் கடையைப் போடுங்கள்: கண்ணாடி ஜாடியில் கமர்கட், தேன்மிட்டாய், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, கோலி சோடா. கோலியை அழுத்தியதும் ‘டப்’பென்று நுரை பொங்கும் பாருங்கள், அதற்காகவே இன்னொன்று வாங்குவார்கள். விலையை வாங்குபவரே சொல்லட்டும். உண்டியல் அந்த மேசையிலேயே இருக்கட்டும். பழைய வகுப்புப் படங்களைப் பெரிதாக அச்சடித்து ஏலமும் விடலாம்.

பணத்தைப் பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாகவே வாங்குங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்று அதற்கு உள்ளதா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வாங்கிவிடுங்கள், இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் தேதி வைக்காதீர்கள், நம்ம கடலூர் மழை தெரியும்தானே. பொங்கலை ஒட்டி வையுங்கள், வெளியூர்க்காரர்களும் ஊரில் இருப்பார்கள்.