தோப்பில் நிற்கும் சக்திமான் லாரியை மாடலுக்காகப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். 1:35 அளவில் (நிஜ வண்டியில் 35இல் ஒரு பங்கு) ராணுவ வண்டி மாடல்கள் செய்து வருகிறேன். அடுத்து ராணுவத்தின் சக்திமான் லாரி ஒன்றை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி முழுக்க நானே செய்ய ஆசை. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில், டிஸ்போசலில் (ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் விற்பனையில்) எடுத்த பழைய சக்திமான் நிற்கிறது. தோப்புக்காரர் ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. எதை எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: செல்போன் தாராளமாகப் போதும். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். மாடலை மனசுக்குள்ளேயே ஒருமுறை கட்டிப் பாருங்கள். சேஸை (அடிச்சட்டத்தை) வைத்தாயிற்று, ஸ்பிரிங் பட்டையை மாட்டியாயிற்று, ஆக்சிலை வைத்தாயிற்று. சரி, பட்டை சேஸோடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? கேபின் சேஸ்மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறதா, நடுவில் ரப்பர் இருக்கிறதா? இப்படிக் கை தயங்கி நிற்கிற இடத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் அதுதான். முன்பக்கம் சாய்வாக நின்று எடுக்கும் அழகான படம் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு சேரும் இடத்தின் படம்தான் எங்கும் கிடைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தர்மபுரி பக்கம் ஒரு ஜோங்கா ஜீப்பை அரை நாள் சுற்றிச் சுற்றி எடுத்தேன். இடது பக்கம் ஒவ்வொரு போல்ட்டும் பதிவாகியிருந்தது. வலது பக்கமும் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் வலது பக்கம் சேஸில் தொங்கும் பிராக்கெட் எதையும் நான் எடுக்கவே இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போனபோது வண்டி கைமாறிவிட்டிருந்தது. லாரியில் இது இன்னும் முக்கியம். டீசல் டேங்க், பேட்டரிப் பெட்டி, சைலன்சர் எதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது.

அளவுக்கு வருவோம். ஒரு பிவிசி பைப்பில் 10 செ.மீ.க்கு ஒரு முறை கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, அளவுகோல் ஆக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அளக்க நினைக்கும் பாகம் எந்தத் தளத்தில் இருக்கிறதோ, அதே தளத்தில் பைப்பும் இருக்க வேண்டும். சேஸை அளக்கிறோம் என்று பைப்பை டயரில் சாய்த்து வைத்தால் கணக்கு கெட்டுப்போகும். வண்டியிலிருந்து 5 மீட்டரில் நீங்கள் நிற்கிறீர்கள், பைப் அரை மீட்டர் உங்கள் பக்கம் வந்திருக்கிறது என்றால் பிழை 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். 20 செ.மீ. நீள மாடலில் அது 2 செ.மீ. அதே தவறை 20 மீட்டர் தள்ளி நின்று செய்தால் பிழை இரண்டரை சதவீதம்தான்.

அதனால் பக்கவாட்டுப் படத்தைத் தள்ளி நின்று, போனில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் உங்கள் பக்கம் நீட்டியிருக்கும் பாகங்கள் பெரிதாகவும், உள்ளே தள்ளியிருப்பவை சிறிதாகவும் தெரியும். போனை வண்டியின் பாதி உயரத்தில் பிடியுங்கள். இடது, வலது, முன், பின் என்று இந்த நான்கு படங்கள் சரியாக அமைந்துவிட்டால் வீட்டில் அதன்மேலேயே வரைபடம் போட்டுக்கொள்ளலாம்.

டயரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் கிட்டே போய் எடுங்கள். 20 என்று முடிந்தால் ரிம் விட்டம் 20 அங்குலம், அதாவது 508 மி.மீ. அதை 35 ஆல் வகுத்தால் 14.5 மி.மீ. (வெளியே தெரியும் ரிம் விளிம்பு இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.) கூடவே ஓர் அளவு டேப்பும், சின்ன அளவுகளை நுட்பமாக எடுக்கும் வெர்னியரும் கொண்டுபோய், தகட்டுக் கனம் போன்ற சின்ன அளவுகளை நேரடியாக எடுத்துவிடுங்கள். 7 மி.மீ. தகடு என்றால் உங்கள் மாடலில் 0.2 மி.மீ. ஷீட்.

இனி முக்கியமான எச்சரிக்கை. டிஸ்போசல் வண்டி ராணுவத்தில் இருந்தபடியே இருக்காது. தோப்புக்காரர் வசதிக்கு பாடி மாறியிருக்கலாம், இன்ஜினே வேறு லாரியுடையதாக இருக்கலாம். எது பழசு, எது பிறகு வந்தது என்று அங்கேயே பிரித்துப் பாருங்கள். சேஸில் எதுவும் மாட்டாத வெறும் ஓட்டைகள் இருந்தால், அங்கே முன்பு ஏதோ இருந்திருக்கிறது. விளிம்பு பிசிறுபிசிறாக இருந்தால் கேஸ் கட்டிங், வெளியில் செய்த வேலை. ரிவெட் வரிசைக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வெல்டிங் கட்டி தெரிந்தால் அதுவும் பிற்காலத்து ஒட்டு. பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பச்சை எட்டிப் பார்த்தால் அந்தப் பாகத்தை ஓரளவு நம்பலாம். சந்தேகம் வந்தால் தோப்புக்காரரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், எழுதிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

சக்திமான், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் லாரியை உரிமம் பெற்று ஜபல்பூரில் தயாரித்தது. விடுபட்ட இடத்தை ஜெர்மன் படங்களைப் பார்த்து நிரப்பலாம் என்று தோன்றும். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், நமக்கு வலது பக்கம். ஆகவே ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு, பெடல்கள், டேஷ்போர்டு இவற்றை இந்த வண்டியில்தான் எடுத்தாக வேண்டும்.

வண்டிக்கு அடியிலும் இறங்கத்தான் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, முன் ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் இருக்கும். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் போகும் ஷாஃப்ட்கள். ஷாஃப்ட் எந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறது என்பது மேலிருந்து தெரியாது. இறங்குமுன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். ஒரு குச்சியால் சேஸைத் தட்டிச் சத்தம் கொடுங்கள், நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் பாம்பு குடியிருக்கும். ஃபிளாஷ் வேண்டாம், கிரீஸ் பளபளத்து வடிவம் மறைந்துவிடும். பக்கத்தில் வெள்ளை வேட்டியையோ தெர்மாகோலையோ பிடித்து வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிட்டாலே போதும்.

வெளிச்சத்துக்கு மேகமூட்டமான நாள்தான் சிறந்தது. அது அமையாவிட்டால் வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள். மரத்தடியில் இலை நிழல் புள்ளிபுள்ளியாக விழுந்தால் ரிவெட் எது, நிழல் எது என்று பிரிக்க முடியாது. பெரிய தார்ப்பாய் ஒன்றை மேலே கட்டினால் சமாளிக்கலாம்.

நிறத்துக்குப் படத்தை நம்பவே வேண்டாம், ஒவ்வொரு திரையிலும் பச்சை மாறும். நான்கைந்து பச்சைகளைக் கலந்து பிளாஸ்டிக் கரண்டிகளில் பூசி எடுத்துப்போங்கள். கதவுக் கீலின் உள்பக்கம், சீட்டுக்கு அடி போன்ற வெயில் படாத இடத்தில் வைத்து ஒப்பிட்டு, எது பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பானெட்டில் தெரிவது வெளுத்த நிறம்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். நம் ஊர் வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ராணுவ வண்டி வரிசை போவதைப் பார்த்தால் கை போனுக்குப் போகும், அதிலும் ஸ்டாலியன் லாரி என்றால் கேட்கவே வேண்டாம். எடுக்காதீர்கள். பணியில் இருக்கும் வண்டிகளும் ராணுவ வளாகங்களும் நமக்கான இடமில்லை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தோப்பு வண்டியாக இருந்தாலும், படத்தை வெளியே பகிரும்போது இப்போதைய நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். பழைய ராணுவ எண் எங்காவது பெயின்ட்டுக்கு அடியில் தெரிந்தால் தவறாமல் உங்களுக்காக எடுத்துவையுங்கள். மேல்நோக்கிய அம்புக்குறிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி படையில் சேர்ந்த வருஷத்தைச் சொல்லும், எந்தக் காலத்து சக்திமானைச் செய்கிறீர்கள் என்பது அதில் தெளிவாகிவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் தோப்பிலேயே உட்கார்ந்து, ராத்திரி எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் படம் இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டயர் எண்ணைக்கூடப் படிக்க முடியாது.