கண்காணியின் கைகள்: திடப்படுத்தல் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற மாதங்களில் வந்த கடிதங்களில் ஆங்கிலிக்கன் சபையையும் (இங்கிலாந்து திருச்சபையின் மரபில் வந்தது) திடப்படுத்தலையும் (ஞானஸ்நான வாக்குறுதியைப் பேராயர் கைவைக்கத் தானே உறுதிசெய்வது) பற்றியவை நான்கு. தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கியபோது ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் தேவைப்பட்டதால், நான்கையும் இந்த இதழிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். கைக்குழந்தையாக இருந்தபோது கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவன். திடப்படுத்தல் வகுப்பில் சேர வேண்டிய வயதில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். இப்போது அங்கே "எபிஸ்கோபல்" சபைக்குப் போவதாகவும், பேராயர் வரும் நாளில் திடப்படுத்தல் பெறப்போவதாகவும் சொல்கிறான். இது புதிதாக முளைத்த சபையா? இங்கே வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லலாமா? (தாய் ஒருவர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அம்மா, பெயர்தான் உங்களுக்குப் புதிது, சபை பழையது. "எபிஸ்கோபோஸ்" என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்ப்பவர் என்று பொருள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அந்தச் சொல் வருமிடத்தில் நம் தமிழ் வேதாகமம் "கண்காணி" என்றே எழுதுகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டவுடன் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டும், கையில் பிரம்போடு ஆள் எண்ணும் கங்காணியும் நினைவுக்கு வருவதால், ஆலயத்தில் அந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் பின்வரிசையில் யாராவது ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார். ஆக, எபிஸ்கோபல் என்றால் பேராயர்களின் கண்காணிப்பில் இயங்கும் சபை என்பதே பொருள். அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபைக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த காலம் முழுவதும் அங்கே ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர்கூட இருந்ததில்லை. திடப்படுத்தலில் தலைமேல் கைவைப்பவர் பேராயர். அவர் கடலுக்கு அப்பால் இருந்ததால் தலைமுறை தலைமுறையாக மக்கள் திடப்படுத்தல் பெறாமலே வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்கவும் முடியாது. 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், திடப்படுத்தல் பெற்றவர்களோடு, அதற்கு ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருப்பவர்களும் திருவிருந்தில் பங்குபெறலாம் என்று ஒரு வாசல் வைத்திருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் அவர்கள் நுழைந்தார்கள். விடுதலைப் போர் முடிந்ததும் கனெக்டிகட் குருவானவர்கள் சாமுவேல் சீபரி என்பவரைத் தேர்ந்தெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெற அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த அரசரோடு அப்போதுதான் போரிட்டு முடித்த நாட்டின் பேராயர் அதை எப்படிச் செய்வார்? அவர் ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அபர்டீன் நகரில் அங்குள்ள எபிஸ்கோபல் பேராயர்கள் மூவரின் கைகளால் அபிஷேகம் பெற்றார். 1789இல் அமெரிக்க சபை தனக்கென்று அமைப்பையும் ஜெபப் புத்தகத்தையும் ஏற்படுத்திக்கொண்டது. அந்தச் சபையின் கேடயச் சின்னத்தில் ஒன்பது சிறு சிலுவைகள் ஸ்காட்லாந்தின் சாய்ந்த சிலுவை வடிவில் அடுக்கப்பட்டிருப்பது இந்த நன்றிக்கடனால்தான்.

மகிழ்வதா, கவலைப்படுவதா என்று நீங்கள் எழுதாவிட்டாலும் கடிதத்தில் அது தெரிகிறது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். நம் திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) உட்பட்ட தென்கிழக்காசிய மாகாணத்துக்கும் (பல திருமண்டலங்களின் கூட்டு) அமெரிக்க எபிஸ்கோபல் சபைக்கும் இடையே நெடுநாளாகக் கசப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போது நம் மாகாணப் பிரதம பேராயராக இருந்த மோசஸ் டே, அமெரிக்க சபையின் போக்கை ஏற்காத இரண்டு அமெரிக்கக் குருவானவர்களைச் சிங்கப்பூரிலேயே பேராயர்களாக அபிஷேகம் செய்தார். 2003இல் நியூ ஹாம்ப்ஷயரில் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஒருவர் பேராயரானபோது அதைக் கடுமையாக எதிர்த்த மாகாணங்களில் நம்முடையதும் ஒன்று. உங்கள் மகன் சேரும் சபை இந்த விவகாரங்களில் இங்குள்ள பிரசங்கபீடத்தில் கேட்பதற்கு மாறானதைப் போதிக்கக்கூடும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது ஒருநாள் எழத்தான் செய்யும். ஆனால் விசுவாசப் பிரமாணம் அதேதான், இரண்டு திருவருட்சாதனங்களும் அவையேதான், அவன் தலைமேல் விழப்போவதும் பேராயரின் கைகள்தான்.

இங்கே வந்து பெறச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். ஆனால் நான் சொல்ல மாட்டேன். பதினான்கு வயதில் அம்மாவுக்காகக்கூட வகுப்புக்கு வராதவன், இப்போது யாரும் சொல்லாமலே போகிறான். கைக்குழந்தையாக இருந்தபோது நீங்களும் ஞானப்பெற்றோரும் அவனுக்காகச் சொன்ன வாக்குறுதியை அவனே தன் வாயால் சொல்வதற்குத்தான் திடப்படுத்தல் என்று பெயர், அதை எங்கே சொல்ல அவனுக்கு மனம் வந்ததோ அங்கேயே சொல்லட்டும். தேதியை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே அது பேராயர் அந்த ஆலயத்துக்கு வரும் நாளைப் பொறுத்தது. அவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சபைக்கும் வர வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது ஞானஸ்நானச் சான்றிதழோடு திடப்படுத்தல் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்லி, அதை இங்கே எப்படிப் பதிவுசெய்வது என்று உங்கள் குருவானவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய பெட்டியில் கிடைத்த ஞானஸ்நானச் சீட்டில் "மெதடிஸ்ட் எபிஸ்கோபல்" என்று அச்சிட்டிருக்கிறது. நாங்கள் மெதடிஸ்டுகள் என்றே நினைத்திருந்தோம். நானும் மெதடிஸ்ட் ஆலயத்தில் போதகர் கையால் திடப்படுத்தல் பெற்றவன். மனைவி ஆங்கிலிக்கன், அவரோடு சேர விரும்புகிறேன். தாத்தா ஏற்கெனவே எபிஸ்கோபல் என்றால் எனக்கு எதுவும் தேவையில்லையா? (செந்தூல் வாசகர்)

பதில்: சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அது நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்யாது. 1885இல் மலாயாப் பக்கம் மெதடிஸ்டுகள் ஊழியம் தொடங்கியபோது அவர்களை அனுப்பிய அமெரிக்க சபையின் முழுப் பெயர் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை என்பதுதான். பினாங்கில் 1891இலும் கோலாலம்பூரில் 1897இலும் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிகளைத் தொடங்கியவர்கள் அவர்களே. 1939இல் அமெரிக்காவில் மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றிணைந்தபோது பெயரின் நடுச்சொல் உதிர்ந்துவிட்டது. அவர்களுக்கும் பேராயர் உண்டு என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

மேலே சீபரி அபிஷேகம் பெற்ற அதே 1784இன் டிசம்பரில்தான் பால்டிமோரில் இந்த மெதடிஸ்ட் சபையும் பிறந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவரும் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தவருமான ஜான் வெஸ்லி, அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஜெபப் புத்தகத்தைச் சுருக்கி அந்த ஆண்டு அனுப்பினார். அந்தச் சுருக்கத்தில் திடப்படுத்தல் ஆராதனையை விட்டுவிட்டார். உங்கள் தாத்தா திடப்படுத்தல் சான்றிதழ் எதையும் வைத்திருக்கவில்லை என்றால் வியப்பதற்கில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஞானஸ்நானம் ஒருபோதும் மறுபடி கொடுக்கப்படுவதில்லை. யாராவது கொடுக்க முன்வந்தால் நாகரிகமாக மறுத்துவிடுங்கள். திடப்படுத்தலில்தான் வித்தியாசம் வருகிறது. அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்த பேராயர் வரிசையை ஆங்கிலிக்கன் சபை முக்கியமாகக் கருதுவதால், போதகர் கைவைத்ததை அது எப்படிப் பார்க்கும் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்க எபிஸ்கோபல் சட்டத்தில், வேறொரு சபையில் முதிர்ந்த வயதில் பகிரங்கமாகத் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டவரைப் பேராயர் கைவைத்து "ஏற்றுக்கொள்ளலாம்". திடப்படுத்தல் பெற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கத்தோலிக்க சபையில் உறுதிப்பூசுதல் பெற்றுவிட்டு வருகிறவர்களையும் அங்கே அப்படித்தான் ஏற்கிறார்கள். இங்கே உங்களுக்கு எது என்பதைப் பேராயரே சொல்வார். எது சொல்லப்பட்டாலும், மெதடிஸ்ட் ஆலயத்தில் அன்று நடந்தது செல்லாது என்று யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள்.

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். மனைவி ஆங்கிலிக்கன். இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை அறியாமலே ஓர் ஈர்ப்பு வந்துவிட்டது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு முன்பு நீங்களும் ஞானஸ்நானம், திடப்படுத்தல் இரண்டையும் முடித்துவிடுங்கள் என்று மாமனார் அவசரப்படுத்துகிறார். பெயரை மாற்ற வேண்டுமா? தைப்பூசத்தன்று அம்மாவோடு தண்ணீர்மலைக்குப் போவதை நிறுத்த வேண்டுமா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: ஃபார்குவார் வீதியிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயம் 1819இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. செய்தவர் கல்கத்தாவின் பேராயர் மிடில்டன். அன்று பினாங்கு கல்கத்தாத் திருமண்டலத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூரை மையமாகக் கொண்ட திருமண்டலம் 1909இலும், நம் மேற்கு மலேசியத் திருமண்டலம் 1970இலும்தான் வந்தன. வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்து பேராயர் வரும்வரை கற்கட்டடமே காத்திருந்தது என்று உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்.

அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஞானஸ்நானத்தில் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் சடங்குக்கான கேள்விகள் அல்ல என்பதுதான். தீமையையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறாயா, பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறாயா என்று சபை முழுவதும் கேட்கக் கேட்பார்கள். அமெரிக்கர்களின் 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், எல்லா மனிதரிடமும் கிறிஸ்துவைத் தேடிப் பணிசெய்வாயா, ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பாயா என்றும் சேர்த்துக் கேட்கிறது. பதில், "தேவனுடைய துணையோடு செய்வேன்" என்பது. குழந்தைக்காக ஞானப்பெற்றோர் சொல்லலாம். உங்களுக்காக வேறு யாரும் சொல்ல முடியாது. வயதுவந்து ஞானஸ்நானம் பெறுகிறவர் திடப்படுத்தலையும் நெருங்கிய காலத்தில், பேராயர் வந்திருந்தால் அதே ஆராதனையிலேயே, பெற்றுக்கொள்வது வழக்கம். எனவே ஆயத்தம் இரண்டுக்கும் ஒன்றே.

ஆயத்தத்துக்கு மாற்கு சுவிசேஷத்தை ஒரே மாலையில், கதை வாசிப்பதுபோல முழுவதுமாக வாசியுங்கள். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக எடுத்து, எந்த வரியில் வாய் தயங்குகிறதோ அதைக் குருவானவரிடம் கொண்டுபோங்கள். ஆங்கிலிக்கன் சபை என்ன நம்புகிறது என்பதை அறியச் சிறந்த வழி அது எப்படி ஜெபிக்கிறது என்று கவனிப்பதுதான். அறிக்கை ஜெபத்தையும் அந்தந்த ஞாயிறுக்குரிய சிறு ஜெபத்தையும் வீட்டில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் தகுதி என்றில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் கதறியது அதே மாற்குவின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதுவரை திருவிருந்து நேரத்தில் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம்; அல்லது முன்னே சென்று கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர்வாதம் மட்டும் பெறலாம்.

பெயரை மாற்றச் சபைச் சட்டம் எதுவும் கேட்பதில்லை. ஜெபப் புத்தகத்திலுள்ள பழைய வினாவிடையின் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் பாடம்) முதல் கேள்வியே "உன் பெயர் என்ன?" என்பது, உங்கள் தாய் வைத்த பெயரையே சொல்லுங்கள் என்பது என் கருத்து.

தண்ணீர்மலை விஷயத்தில் குருவானவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இராது. ஞானஸ்நானம் பெற்றபின் நீங்களே நேர்ந்துகொண்டு காவடி எடுப்பது நீங்கள் கொடுத்த வாக்குக்கு முரணானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பால்குடம் எடுக்கும் வயதான தாயின் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியையும் அவர் செருப்பையும் சுமந்துகொண்டு படியேறுவது மகன் செய்ய வேண்டிய வேலை, அதைத் தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கட்டளையே சொல்கிறது. படைத்த உணவைப் பற்றிய கேள்வி வந்தால் 1 கொரிந்தியர் எட்டாம், பத்தாம் அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். ஒன்றை மட்டும் வாசிப்பவர்கள்தான் சண்டை போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, முடிவெடுக்கும் நாளில் அம்மா அதை உங்கள் வாயிலிருந்தே கேட்கட்டும். உறவினர் யாரோ சொல்லி அவர் அறிவதைப்போல் கொடுமை வேறில்லை.

கேள்வி: எனக்குப் பதினான்கு வயது. இந்த ஆண்டு திடப்படுத்தல். பேராயர் எல்லார் முன்னாலும் பத்துக் கட்டளைகளைக் கேட்டு, நான் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வெள்ளை உடை கட்டாயமா? (பட்டர்வொர்த் மாணவி)

பதில்: மகளே, பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம் இவற்றையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிக் காட்டிவிடுவாய். 1662ஆம் ஆண்டு முறைப்படி ஆராதனையில் பேராயர் கேட்பது ஒரே கேள்விதான்: உன் ஞானஸ்நானத்தில் உனக்காகச் செய்யப்பட்ட வாக்குறுதியை நீயே புதுப்பிக்கிறாயா என்பது. பதிலும் ஒரே வார்த்தை. உன்னோடு நிற்கும் எல்லாரும் சேர்ந்தே சொல்வார்கள். புதிய முறைகளில் கேள்விகள் சில கூடுதலாக இருக்கும், பதில் கையிலிருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். சமாரியாவில் பேதுருவும் யோவானும் செய்ததைப்போல (அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பார்) அவர் உன் தலைமேல் கைவைத்து, நீ நாளுக்கு நாள் பரிசுத்த ஆவியில் பெருகவேண்டும் என்று ஜெபிப்பார். அந்த நேரத்தில் நீ எதையும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளை உடை வழக்கம்தான், விதி அல்ல. உன் ஆலயத்தில் எல்லாரும் அணிந்தால் நீயும் அணிந்துகொள். மல்லிகைச் சரம் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதைப் பின்பக்கம் தாழ்த்திச் செருகச் சொல் அம்மாவிடம், பேராயரின் கைக்கு இடம் வேண்டும்.