பழைய லேப்டாப்பில் படம் வரவில்லையா? கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டதும் சொன்னதும்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் லேப்டாப் பழுது பார்க்கிறேன். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, இந்தப் பக்கம் வாலிநோக்கம் வரை ஆட்கள் கேட்டவற்றில் கிராபிக்ஸ் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பாம்பன், கல்லூரி மாணவி: அண்ணா, ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

இவ்வளவை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது தங்கச்சி. முதலில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் உள்ளே கணினி ஓடுகிறது, படம்தான் வெளியே வரவில்லை. நீங்கள் தொடாமலே அது விட்டுவிட்டு மின்னினால் அது பிழைக் குறியீடு. எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக்கொண்டு, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

அடுத்து சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் பாதி 'செத்த' லேப்டாப்புகள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

எழவில்லை என்றால் இருட்டறையில் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போயிருப்பது பின்விளக்கு. பிறகு வீட்டு டிவியில் ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள். டிவியில் சுத்தமாகப் படம் வந்து லேப்டாப்பில் வரவில்லையா? திரை, அல்லது கீலுக்குள் போகும் டிஸ்ப்ளே கேபிள். மூடியை ஆட்டும்போது படம் வந்து போனால் கேபிள்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டிலும் வராவிட்டால் மட்டுமே கிராபிக்ஸ் சிப்பைப் பற்றிப் பேச்செடுக்கலாம். அதற்கு முன் போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தேவிபட்டினம், ஆட்டோகேட் வேலை செய்பவர்: எனக்குப் படம் வருகிறது. ஆனால் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள், வெளி மானிட்டரிலும் அப்படியே. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (பாகங்களின் பட்டியல்) 'கோட் 43' என்ற பிழை எண் காட்டுகிறது.

கோட் 43 என்றால் கிராபிக்ஸ் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. திரையில் சிவப்புக் கோடு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் விஷயம். விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால் டிரைவர் (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மேலும் சந்தேகம் உண்டு. சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் நிலை) போய் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஆன் செய்த உடனே, கம்பெனி லோகோவிலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்பு) திரையிலுமே கோடு இருந்தால் டிரைவருக்கு அதில் பங்கில்லை. அது சிப் அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் வீடியோ மெமரி.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கலாம். 2010-க்குப் பின் வந்த இன்டெல் கோர் ஐ லேப்டாப்புகளில் பெரும்பாலும் பிராசஸரோடு சேர்ந்தே ஒரு கிராபிக்ஸ் உண்டு. அதோடு தனிக் கிராபிக்ஸ் சிப்பும் இருந்தால், கனமான வேலைக்கு மட்டும் அந்தத் தனிச் சிப் விழித்துக்கொள்ளும். அந்த வகை என்றால் பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ தனிச் சிப்பை முடக்கிவிட்டு ஓட்டலாம். இரு பரிமாண வரைபடத்துக்கு அதுவே தாராளம். சில மாடல்களில் வெளி மானிட்டர் கேபிளைச் செருகும் போர்ட் தனிச் சிப்பிலிருந்தே வரும். அப்படியானால் முடக்கிய பிறகு அந்த போர்ட் வேலை செய்யாது.

கீழக்கரை, திருமண ஆல்பம் வடிவமைப்பவர்: தம்பி, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த 17 அங்குல வொர்க்ஸ்டேஷன் லேப்டாப். அதில் கார்டு தனியாகக் கழறும் என்கிறார்கள். நானே மாற்றலாமா?

காக்கா, உங்களிடம் இருப்பது அபூர்வ வகை. பெரும்பாலான லேப்டாப்பில் 'கார்டு' என்று ஒன்றே கிடையாது, போர்டில் பற்றவைத்த சிப்தான். டெல் பிரிசிஷன், ஹெச்பி எலைட்புக்கில் பெயருக்குப் பின்னால் டபிள்யூ போட்ட மாடல்கள் போன்ற சில பழைய வொர்க்ஸ்டேஷன்களில்தான் எம்எக்ஸ்எம் என்ற கழற்றி மாட்டும் கார்டு இருக்கும்.

மாற்றலாம். சரியான கார்டை வாங்குவதுதான் கஷ்டம். எம்எக்ஸ்எம் 3.0-வில் இரண்டு அளவு: ஏ வகை 82-க்கு 70 மில்லிமீட்டர், பி வகை 82-க்கு 105. அளவு பொருந்தினால் போதாது. உங்கள் பயாஸுக்கு அந்தக் கார்டு தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி முழு வேகத்தில் கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும். கார்டு இழுக்கும் வாட்ஸை உங்கள் ஹீட்சிங்க்கும் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) அடாப்டரும் தாங்க வேண்டும். ஆசைப்பட்டுப் பெரிய கார்டு தேடாமல், அதே மாடலுக்குக் கம்பெனி போட்டுக்கொடுத்த கார்டுகளில் ஒன்றை, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். இறுக்கும்போது அந்த வரிசையில், ஒரேயடியாக இறுக்காமல், சுற்றிச் சுற்றி வந்து இறுக்குங்கள். கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்ததும் அது தானாகச் சாய்ந்து எழும். அந்தச் சாய்விலேயே இழுத்தெடுத்து, புதியதையும் அதே சாய்வில் செருகி, பிறகு கீழே அழுத்துங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடின் கனத்தை அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் போட்டால் ஹீட்சிங்க் சிப்பில் படியாது. அப்புறம் புதுக் கார்டும் போய்ச் சேரும்.

தங்கச்சிமடம், மீன் கம்பெனி கணக்கர்: அண்ணே, ஹீட் கன்னால் சூடு காட்டினால் சிப் சரியாகிவிடும் என்று ஒருவர் செய்துகொடுத்தார். கொஞ்ச நாள் ஓடியது, மறுபடி போய்விட்டது. இன்னொரு தடவை காட்டலாமா?

வேண்டாம்.

ஏன் என்றும் சொல்கிறேன். 2008-இல் என்விடியா கம்பெனியே தன் சில லேப்டாப் சிப்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. கோளாறு சிப் பேக்கேஜுக்குள். சிலிக்கான் துண்டையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈயப் புள்ளிகள், சூடாகி ஆறி சூடாகி ஆறி விரிசல் விடுகின்றன. சூடு காட்டும்போது அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ரீபாலிங் என்று சொல்லி அதே பழைய சிப்பைக் கழற்றி அடியில் புது சால்டர் (பற்றாசு) உருண்டைகள் வைத்துத் தருவார்கள். உள்ளே விரிசல் விட்ட சிப்புக்கு வெளியே உருண்டை மாற்றி என்ன பயன்? புதுச் சிப் போடுகிறீர்களா, பழையதையே ரீபால் செய்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். ஈயம் கலக்காத சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டைப் போர்டு வளையாமல் கொடுக்க பிஜிஏ மெஷின் (சிப்பைக் கழற்றிப் பற்றவைக்கும் இயந்திரம்) உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். நான் அந்த வேலையை மதுரைக்கு அனுப்பிவிடுவேன். லேப்டாப்பைப் போர்வையில் சுற்றி ஓடவிடும் வைத்தியமும் ஊரில் உலவுகிறது. பேட்டரி உள்ளே இருக்கும்போது அது தீ விபத்தைக் கூப்பிடும் வேலை.

ராமேஸ்வரம், வீடியோ எடிட்டர்: 2011-இல் வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோ. பாதியில் திரை நீலமாகி நின்றுவிடுகிறது. இன்னும் இலவசமாகச் சரிசெய்து தருவார்களா?

இல்லை. ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இதற்கென்றே பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது உண்மை, அது முடிந்து வருடக்கணக்காகிறது. ஃபர்ம்வேர் (மேக்கில் பயாஸ் போன்றது) அமைப்பில் ஏஎம்டி ரேடியான் என்ற தனிச் சிப்பைத் தூங்கவைத்துவிட்டு உள்ளிருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டலாம். வெளி மானிட்டர் வராது. எடிட்டிங் தொழிலுக்கு இது ஒத்துவராது, கல்யாண சீசனுக்கு முன் வேறு மெஷின் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலிநோக்கம், உப்பள அலுவலகம்: எங்கள் அலுவலகத்தில் எந்த லேப்டாப்பும் நிலைப்பதில்லை சார். கிராபிக்ஸ் சிப்தான் போகிறது என்கிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் சிப்பை முதலில் குற்றம் சொல்லவே மாட்டேன். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். வாடைக் காலத்தில் ராத்திரி முழுக்க உங்கள் மேசையில் நடப்பது இதுதான். இப்படிப்பட்ட லேப்டாப் ஒன்றைத் திறந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே தூசியும் உப்பும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும், டிஸ்ப்ளே சாக்கெட்டின் கால்கள் பச்சை பூத்திருக்கும். காற்று போக வழியில்லாமல் சூடேறி அணைகிறது, சாக்கெட் பூத்ததால் கோடு விழுகிறது. பார்ப்பவர் இரண்டையும் கிராபிக்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்.

திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி எடுத்து, பச்சை பூத்த இடத்தை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது, அடுத்த தூசியை அது ஒட்டவைத்துக்கொள்ளும். இரவில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜன்னலோர மேசை வேண்டாம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சுத்தமாக வேண்டாம்.

தொண்டி, பள்ளி ஆசிரியை: அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டு மாற்ற முடியுமா?

நான் திறந்து பார்த்தவற்றில் தனிச் சிப்பே இருந்ததில்லை டீச்சர். படம் வராவிட்டால் ரேம், கேபிள், திரை, இந்த வரிசையில் பாருங்கள்.

மண்டபம், பிரவுசிங் சென்டர்: ஆன்லைனில் பழைய எம்எக்ஸ்எம் கார்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விற்பவரிடம் கார்டின் இரண்டு பக்கப் படமும் கேளுங்கள். சிப்பைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தாலோ, ஃபிளக்ஸ் (பற்றவைக்கத் தடவும் பசை) கறை பளபளத்தாலோ யாரோ சூடு காட்டியிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள். செருகும் பற்களில் கீறல் இருக்கிறதா, ஹீட்சிங்க் பிடிக்கும் பின்பக்கச் சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தச் சட்டம் தனியாகக் கிடைப்பது கஷ்டம். வந்ததும் ஒரு மணி நேரமாவது கிராபிக்ஸ் சோதனை புரோகிராம் ஓட்டி, வெப்பநிலையைக் கவனியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். திருப்பி எடுக்க மாட்டேன் என்பவரிடம், எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.