பாட்டு எழுத உளவியல் பட்டம் வேண்டுமா?

வணக்கம் அம்மா. லண்டனில் ஏ-லெவல் (பள்ளி இறுதிப் படிப்பு) படிக்கும் உங்கள் மகள் உளவியல் பட்டப்படிப்பு கேட்பது வேலைக்காக இல்லை, பாட்டு எழுதத்தான் என்று தெரிந்ததிலிருந்து தூக்கமே போய்விட்டது என்கிறீர்கள். அவள் முன்மாதிரியாகக் காட்டும் ‘டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ரோலண்ட் ஒர்சபாலை வைத்தே பேசிவிடலாம்.

1961-இல் போர்ட்ஸ்மத்தில் பிறந்து, பாத் நகரில் இசைக்கு வந்தவர். இளம் வயதிலேயே அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜானோவின் எழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது. சிறுவயதில் அடக்கிவைத்த வலியை அழுதும் கத்தியும் வெளியே கொட்டினால் மனம் குணமாகும் என்பது ஜானோவின் வாதம். குழுவின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1983-இல் வந்த முதல் ஆல்பமும் அந்த வலியைத்தான் பாடியது. அதிலுள்ள ‘மேட் வேர்ல்டு’ பாட்டை எழுதியபோது அவருக்கு வயது 19. பாத்தில் பீட்சா கடைக்கு மேலே குடியிருந்தார். கையில் ஒரு கிட்டார், ஜன்னலுக்கு வெளியே நகரத்துக் கூட்டம், அவ்வளவுதான். பட்டம் எதுவும் அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஜானோவின் சிகிச்சைக்குப் போதிய ஆய்வு ஆதாரம் இல்லை என்பதுதான் துறையில் இன்று பரவலான கருத்து. ஒர்சபாலும் கூட்டாளி கர்ட் ஸ்மித்துமே பிற்பாடு ஜானோவை நேரில் பார்த்து ஏமாந்துபோனார்கள். தங்களை ஒரு இசைநாடகம் எழுதித்தரச் சொன்னார் என்றார்கள். உங்கள் மகள் உளவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தால், தன் நாயகனை எழுதவைத்த அதே கோட்பாட்டைச் சந்தேகிக்கத்தான் கற்றுக்கொள்வாள். புள்ளியியலும் ஆய்வுமுறையும் முதல் வருஷத்திலேயே வந்துவிடும். அது அவளுக்குப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேரட்டும். பாட்டுக்குச் சரக்கு தேடித்தான் என்றால் நூலகச் சீட்டு போதும், மூன்று வருஷக் கட்டணக் கடன் எதற்கு?

சேர்வதானால் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள பட்டமா என்று பார்த்துவிட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் தளத்தில் விண்ணப்பியுங்கள். நாளைக்கு மருத்துவ உளவியலாளராக நினைத்தால் அது இல்லாமல் நகராது. அதற்குமேல் அனுபவம், பிறகு மூன்று வருஷ முனைவர் பயிற்சி. பயிற்சிக்குச் சம்பளம் உண்டு, ஆனால் இடத்துக்குப் போட்டி கடுமை.

பாட்டில் சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘மேட் வேர்ல்டு’ எழுதியது ஒர்சபால், பாடியது ஸ்மித். ஆல்பத்துக்கு முன்பே தனிப்பாட்டாக வந்து, 1982-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. 2003-இல் கேரி ஜூல்ஸ் குரலில் மறுபடி வந்து கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பிடித்தது. யார் பாடினாலும் எழுதியவருக்குப் பங்கு போகும். பிரிட்டனில் அந்த உரிமை அவர் காலத்துக்குப் பிறகும் 70 வருஷம் நிற்கும். 1985-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்டு’ பாட்டையும் பாடியவர் ஸ்மித்தான். எழுதியவர்கள் பட்டியலில் இருப்பதோ ஒர்சபால், இயன் ஸ்டான்லி, கிறிஸ் ஹியூஸ் மூவர் மட்டும்.

அதனால் பட்டம் எதுவானாலும் இதை இப்போதே பழக்குங்கள்: தோழிகளோடு சேர்ந்து ஒரு பாட்டு முடித்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்திட வேண்டும். பாட்டு ரேடியோவிலோ மேடையிலோ ஒலிக்கத் தொடங்கியதும் பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் பிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்துகொள்ளட்டும்.