மூடுபனி பார்த்து மனை வாங்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீடு தேடுவோருக்குக் கேள்வி பதில்

வணக்கம். நான் பூகோள ஆசிரியை. ஓய்வு பெற்று இராயக்கோட்டையில் இருக்கிறேன். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டணம் என்று மாற்றல் வந்த ஊரிலெல்லாம் வாடகை வீட்டில் குடியிருந்தவள். இந்த இரண்டு மாவட்டத்து வெயிலும் பனியும் பாடப் புத்தகத்தைவிட மொட்டை மாடியில்தான் எனக்கு அதிகம் புரிந்தன. பனி, குளிர், வெயில் பார்த்து வீடு தேடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓசூர், பாகலூர் ரோட்டில் மனை பார்ப்பவர்): டீச்சர், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு லேஅவுட். "காலையில ஊட்டி மாதிரி பனி இறங்கும் சார்"னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. பனி இறங்கும். எங்கே இறங்கி எத்தனை நேரம் நிற்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

மேகமில்லாத, காற்றும் அடிக்காத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதிலிருக்கும் ஈரம் நுண்துளியாகி மிதக்கிறது. அதுதான் நம் ஊர் மூடுபனி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடியும். ஏரி எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும். பக்கத்திலேயே தண்ணீரும் இருந்தால் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஊரில் எல்லா இடத்திலும் பனி கலைந்த பிறகும் ஏரியடியில் ஒன்பது மணி வரை நிற்கும்.

தேன்கனிக்கோட்டையில் என் வாடகை வீடு ஏரிக்குக் கீழ்ப்புறம் இருந்தது. பீரோவைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தேன். பொங்கலுக்குக் கட்டலாம் என்று பட்டுப்புடவையை எடுத்தால், மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி, ஜரிகை மங்கிப்போயிருந்தது. அதே தெருவில் மேட்டுப் பக்கம், நூறடி தள்ளியிருந்த வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. அன்றிலிருந்து வீடு பார்க்கப் போனால் முதலில் தரையின் சரிவைத்தான் பார்க்கிறேன்.

நீங்களே சோதிக்கலாம். காற்றில்லாத ஒரு நாள், சூரியன் மறைந்து அரைமணி கழித்து மனைக்குப் போங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். புகை மேலே போகாமல் ஒரு பக்கமாக மெல்ல நகரும். அந்தப் பக்கம்தான் பள்ளம். மனையின் நாலு மூலையிலும் இப்படிப் பாருங்கள். புகை உங்கள் மனையைத் தாண்டிக் கீழே போய்விட்டால் நல்லது. உங்கள் மனைக்குள் வந்து அப்படியே தேங்கி நின்றால், குளிர்காற்றுக்கும் அதுதான் குட்டை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சரிவுக்குக் குறுக்கே, பள்ளத்துப் பக்கம் உயரமான காம்பவுண்டு கட்டாதீர்கள். ஏரிக்குக் கரை போட்ட மாதிரி குளிரையும் ஈரத்தையும் அது தேக்கிவைக்கும். அங்கே கம்பி வேலி போதும்.

கேள்வி (தருமபுரி, நெசவாளர் காலனி): ஓசூர் மட்டும் ஏன் குளிருது? அறுபது எழுபது மைல்தானே?

தூரத்தைவிட உயரம்தான் காரணம். தருமபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர், கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ அதை ஒட்டித்தான். ஓசூர் சுமார் 900. தளி இன்னும் மேலே, ஆயிரத்தை ஒட்டி. அரூர் இவை எல்லாவற்றையும்விடத் தாழ்வு. 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. தருமபுரிக்கும் ஓசூருக்கும் அந்தக் கணக்கில் மூன்று டிகிரி வித்தியாசம். காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் சித்திரை மாத இரவில் ஃபேன் காற்று அனலாக வருவதற்கும், போர்வையைக் காலுக்கு இழுத்துவிடுவதற்கும் நடுவில் இருப்பது அந்த மூன்று டிகிரிதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சூளகிரி தாண்டி ஏற ஏற, ஜன்னல் காற்றின் குணமே மாறும்.

கேள்வி (காவேரிப்பட்டணம், ஒரு தாயார்): என் பையனுக்கு அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல வேலை. ஜூலை மாசம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கேங்கிறான். கடலோரமா வீடு பார்க்கிறான். நம்ம ஊர்ப்பனி மாதிரிதானா அதுவும்?

இல்லை அம்மா, அது நேர் எதிர். நம் பனி குளிர்கால விடியலில், தரையில் பிறப்பது. அங்கேயுள்ளது கோடையில், கடலில் பிறப்பது.

அந்தக் கரையை ஒட்டிக் கலிபோர்னியா நீரோட்டம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. போதாததற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து இன்னும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கோடையிலும் கடல் 12, 13 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பசிபிக்கின் ஈரக்காற்று அந்தக் குளிர்நீர்மேல் வந்ததும் பனிமூட்டமாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மலைத்தொடரில் திறந்த வாசல் கோல்டன் கேட் ஜலசந்திதான்; அதன் வழியாகப் பனி ஊருக்குள் ஓடி வருகிறது. மதியம் கடலோரத்துக்குப் பின்வாங்கும், மாலையில் மறுபடி வரும். ஜூலையில் அந்த நகரத்தின் பகல் வெப்பமே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே வெப்பமான மாதம் செப்டம்பர்.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: கடலை ஒட்டிய சன்செட், ரிச்மண்ட் பகுதிகளில் கோடை முழுக்க மூட்டம் அதிகம். ட்வின் பீக்ஸ் என்ற குன்று நகரத்தின் நடுவில் நிற்கிறது. உயரம் சுமார் 280 மீட்டர்தான். ஆனால் அது பனியை மறிப்பதால் அதற்குக் கிழக்கே இருக்கும் மிஷன் பகுதியில் வெயில் அடிக்கும். ஒரே நகரம், ஒரே நேரம், அரைமணிப் பயணத்தில் இரண்டு பருவம். மலை தாண்டி வால்நட் கிரீக் போனால் முப்பது டிகிரிக்கு மேல் காயும். வெயிலில் வளர்ந்த பிள்ளை, மூட்டத்தில் மாதக்கணக்கில் இருந்தால் மனசு சோர்ந்துபோகலாம். ஆகவே வாடகை ஒப்பந்தம் போடும் முன், ஜூலை ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும்.

நம் சென்னையிலும் கடல் இருக்கிறதே, ஏன் அப்படி இல்லை என்று தோன்றும். வங்கக் கடல் வெதுவெதுப்பானது. காற்றைக் குளிரவைக்க அங்கே குளிர்நீர் கிடையாது.

கேள்வி (ஓசூர், சிப்காட் அருகே குடியிருப்பவர்): பொண்ணுக்கு வீசிங். பனிக்காலத்துல ராத்திரி தூக்கமே இல்ல. தருமபுரி பக்கம் போயிட்டா சரியாகுமா?

மருந்தும் மாற்றமும் டாக்டரைக் கேட்டுத்தான். வீட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

விடியற்காலையில் யாராவது விறகடுப்பு மூட்டினால் பாருங்கள். புகை தென்னை உயரம் போனதும் மேலே ஏறாமல் துணி விரித்த மாதிரி பக்கவாட்டில் பரவும். கீழே குளிர்ந்த காற்று, அதற்குமேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்திருப்பதால் வரும் வினை அது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, தொழிற்சாலைப் புகை எல்லாம் அந்த மூடிக்குள் நிற்கும், ஈரமும் சேரும். போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமாவதும் இப்படித்தான். ஆகவே குழந்தையைப் படுத்துவது பெரும்பாலும் வெறும் பனி அல்ல, அதில் கலந்த புகையும், வீட்டுச் சுவரின் பூஞ்சையும்தான்.

ஊரை மாற்றும் முன் வீட்டைப் பாருங்கள். குழந்தை படுக்கும் அறை வடக்குச் சுவர் அறையா? கட்டில் சுவரை ஒட்டியிருக்கிறதா? துவைத்த துணியை ராத்திரி அறைக்குள் காயப்போடுகிறீர்களா? காலையில் வெயில் படுகிற கிழக்கு அறைக்கு மாற்றிப் பாருங்கள். ஜன்னலை விடியலில் சாத்திவைத்து, பத்து மணிக்கு மேல் அகலத் திறந்துவிடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தருமபுரி வரை போக வேண்டியதில்லை. ஓசூரிலேயே மேடான, மெயின் ரோட்டிலிருந்து தள்ளிய தெரு போதும். பிள்ளை தூங்கிய பிறகு எழுதுங்கள், ஆவலோடு இருப்பேன்.

கேள்வி (கிருஷ்ணகிரி பழையபேட்டை): எங்களுக்குப் பனி பிரச்சினையே இல்ல, வெயில்தான். ஊருக்குள்ள எங்க வீடு பார்க்கலாம்?

பாறை ஊர் உங்களுடையது. கருங்கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பதினோரு மணி வரை திருப்பிக் கொடுக்கும். மலைக்கு எந்தப் பக்கம் வீடு என்பதே முக்கியம். மலைக்கு மேற்கே இருந்தால், சாயங்கால வெயில் பாறையிலும் அடித்து உங்கள் சுவரிலும் அடிக்கும். கிழக்கே இருந்தால் நாலு, நாலரை மணிக்கே மலை நிழல் விழும். சுவர் இரண்டு மணி நேரம் முன்னதாக ஆறத் தொடங்கும். கே.ஆர்.பி. அணைப் பாசனம் பாயும் நெல்வயல் பக்கம் இன்னும் குளுமை. ஆனால் அங்கே கொசுவையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி (சேலத்தில் ஓய்வு பெற்ற தம்பதி): வத்தல்மலையில ஒரு சின்ன வீடு கட்டி இருந்துடலாம்னு ஆசை.

காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக் மரமுமாக அழகான இடம். ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மழைக்காலத்தில் வீட்டைச் சூழ்வது தரைப்பனி அல்ல, மேகம். காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகி, உங்கள் வாசலிலேயே நிற்கும். தரைப்பனி வெயில் வந்தால் கலைந்துவிடும். இது பகலெல்லாம்கூட நிற்கும். அப்பளம் நமுத்துப்போகும், தீக்குச்சி பற்றாது, துணி மூன்று நாள் காயாது, மூட்டுவலி இருந்தால் ஞாபகப்படுத்தும். ராத்திரி நெஞ்சுவலி என்றால் அந்த மூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். என் கருத்து: வீட்டை மலையடிவாரத்தில் கட்டுங்கள். மேலே ஒரு ஐப்பசி முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி (போச்சம்பள்ளி, மாந்தோப்பு வைத்திருப்பவர்): தோப்புக்குள்ளயே வீடு கட்டப்போறோம். பனியால பூ கருகுதே, இடத்தை எப்படித் தேர்வு செய்யறது?

வீட்டை மேட்டில், தோப்பின் விளிம்பில் கட்டுங்கள்; நடுவில் கட்டினால் உங்களுக்கும் காற்றில்லை, மரத்துக்கும் காற்றில்லை. தை மாசம் பூத்திருக்கும்போது இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வந்தால் சாம்பல் நோய் பிடிக்கும், தத்துப்பூச்சியும் பெருகும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிப்பது வழக்கம். வட்டார வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பனி கெடுதல் மட்டும் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழை நின்ற பிறகு நம் மானாவாரிக் கொள்ளும் அவரையும் அந்த ஈரத்தைக் குடித்துத்தான் காய்க்கின்றன. மார்கழி அவரைக்காயின் வாசம் வேறு எந்த மாசத்திலும் வராது.

கேள்வி (சூளகிரி, காலை ஷிப்ட் போகிறவர்): பைக்ல அஞ்சரைக்குக் கிளம்பணும். பனியில ரோடே தெரியல.

பிரைட் லைட் போடாதீர்கள். துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டிம் லைட், ரோட்டின் இடது வெள்ளைக்கோடு, பாதி வேகம். முடிந்தால் கம்பெனி பஸ். வாடகை கொஞ்சம் கூடினாலும், நெடுஞ்சாலையைத் தொடாமல் வேலைக்குப் போகிற இடத்தில் வீடு பார்ப்பது உங்களுக்கு நல்லது.

கேள்வி (பாலக்கோடு): சோலார் போட்டா பனிக்காலத்துல கரண்ட் வருமா?

வரும். காலையில் ஒன்றிரண்டு மணி நேர உற்பத்திதான் குறையும். ஐப்பசி மழை மூட்டத்தில்தான் நிஜமான இழப்பு.

கேள்வி (பெங்களூரில் இருந்து, தேன்கனிக்கோட்டையில் மனை தேடுபவர்): எனக்கு வருஷத்துல ரெண்டு நாள்தான் லீவு கிடைக்கும். எப்போ வந்து பார்க்கட்டும்?

ஒரு நாளை மார்கழியிலோ தையிலோ வையுங்கள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து வானம் தெளிந்திருக்கும் இரவாகப் பார்த்து, முதல் நாள் சாயங்காலமே வந்து ஊரில் தங்குங்கள். ஆறு மணிக்கு மனைக்கு நடந்தே போங்கள். பக்கத்து வீட்டு ஷீட் கூரையில் தண்ணீர் சொட்டுகிறதா, வடக்குச் சுவரின் அடியில் பச்சைப் பாசி எத்தனை உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பால்காரரிடம் "இந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் பனி விலகும்?" என்று கேளுங்கள். அவருக்கு விற்க ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொல்வார்.

இன்னொரு நாளைச் சித்திரையில் வையுங்கள், மதியம் மூன்று மணிக்கு. அன்றைக்கு மனையில் நிற்க நிழல் இருக்கிறதா, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.