வாசகர் கேள்வி: மோதும் கருக்களுக்கு நிறை எவ்வளவு?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். 'குறைந்த ஆற்றல் அணுக்கரு வினைகளில் கூட்டியக்கத்தின் நுண்ணியக் கோட்பாடு' என்பது அவளுடைய புராஜெக்ட். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் சார்.
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: நல்ல தலைப்பு அம்மா. கஷ்டமானதும்கூட. இரண்டு ஹீலியம் கருக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 2 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டுக்கும் நேர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். மிகவும் நெருங்கிவிட்டால் அணுக்கரு விசை இழுத்துக்கொள்ளும். இடையில் ஆற்றல் தடை ஒன்று நிற்கிறது. குறைந்த ஆற்றலில் வரும் கரு அதன் மேலே ஏறித் தாண்ட முடியாது, குவாண்டம் விதிப்படி ஊடுருவித்தான் போக வேண்டும். அந்த வாய்ப்பைத் தடையின் உயரமும் அகலமும் மட்டுமா தீர்மானிக்கின்றன? ஊடுருவுவதன் நிறையும் சேர்ந்துதான். வம்பே இங்கேதான் தொடங்குகிறது.

விலகி இருக்கும்வரை கணக்கு சுலபம். இரண்டு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4×4-ஐ 8-ஆல் வகுத்தால் 2. அதாவது இரண்டு நியூக்ளியான்களின் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) நிறை. ஒட்டத் தொடங்கியதும் எது எந்தக் கரு? எட்டுத் துகள்களும் ஒரே உருவமாக நீண்டும் குறுகியும் அசைகின்றன. அந்தக் கூட்டியக்கத்தின் நிறையைத் துகள்களின் இயக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

கருவைத் திரவத் துளி போல நினைத்து, அதன் வடிவங்களை நாமே தேர்ந்தெடுக்கும் வழி பழையது. ஆகே போர், மோட்டல்சன், ரெயின்வாட்டர் மூவரும் கருவின் கூட்டியக்கத்துக்காக 1975-இல் நோபல் பெற்றார்கள். அந்தத் துளிப் படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் பாதையை நாம் கையால் வரைந்துவிட்டு இயற்கையின் தலையில் கட்டுவது சரியில்லை. ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து நேர்க்கோடு போட்டுத் தூரம் சொல்லலாம். பஸ் என்னவோ 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் ஏறும்.

ஒவ்வொரு துகளும் மற்றவை சேர்ந்து உண்டாக்கும் சராசரிப் புலத்தில் ஓடுவதாக வைத்து, காலத்தோடு அதைப் பின்தொடரும் சமன்பாட்டை இயற்பியலாளர் டிராக் 1930-லேயே எழுதிவிட்டார். 1970-களில் கணினி வந்தபின் கருமோதல்களுக்கு அது நன்றாகவே உதவியது. குறை என்னவென்றால், அதில் கருக்கள் தடைக்குக் கீழே இருந்தால் மோதித் திரும்பிவிடும், ஊடுருவாது. அதனால்தான் பாதை, ஆற்றல், நிறை மூன்றையும் அதே புலத்திலிருந்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பெறும் முறைகள் வந்தன. கூட்டியக்கம் மெதுவானது, உள்ளே துகள்களோ ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய கால்பங்கில் ஓடுகின்றன என்ற வேறுபாடு இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கைகொடுக்கிறது.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: கருக்கள் தூரத்தில் இருக்கும்போது உன் கணினி நிரலில் நிறை 2 வருகிறதா? ஹீலியம்–ஆக்சிஜனுக்கு 3.2 (4×16-ஐ 20-ஆல் வகுத்தது) வருகிறதா? கூட்டியக்க நிறையைக் கணக்கிடும் இங்லிஸின் பழைய சூத்திரம், விசை வேகத்தைச் சார்ந்திருந்தால், இந்தச் சாதாரணத் தேர்விலேயே தவறிவிடும். வைவாவில் இதைத்தான் நான் கேட்பேன். கருக்கள் ஒட்டும் இடத்தில் நிறை கூடினால் ஊடுருவும் வாய்ப்பு குறையும், குறைந்த ஆற்றலில் கருக்கள் இணைவதும் குறையும்.

கேள்வி: இதனால் நம் ஊருக்கு என்ன லாபம்? ஜவ்வரிசி விலை எப்போது ஏறும்?
– வாசகர், ஓமலூர்

பதில்: லாபம் தெரியாது, உறவு உண்டு. நம் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற மாக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். அந்த மக்னீசியத்தின் பெரும்பகுதி பெரிய நட்சத்திரங்களுக்குள் உருவானது. அங்கே கார்பன் கருக்கள் மோதி நியானும் சோடியமும் வரும். நியான் ஹீலியத்தை விழுங்கினால் மக்னீசியம். 80 கோடி டிகிரியில்கூட, மோதி இணையும் கார்பன் கருக்களின் ஆற்றல் பெரும்பாலும் தடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆய்வகத்தில் அவ்வளவு கீழே அளப்பது பெரும்பாடு, அதனால் இந்தக் கணக்குகள் தேவைப்படுகின்றன.

ஜவ்வரிசிக் கேள்வியை ஆசிரியர் மேசைக்குத் தள்ளிவிட்டேன்.